சாமி வந்து பேசட்டும்

"சாமி வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும் மாமா. அதிகாரி முடியாதுன்னு எழுதிட்டுக் கெளம்பிடுவாரு," என்றான் பின்தெரு அருண்குமார்.

எழிலனுக்கும் அதே எண்ணம்தான். வண்டிகேட் பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருக்கும் அந்த நகருக்கு அவர்தான் நலச்சங்கச் செயலாளர். மூலை வீட்டை வாடகைக்கு எடுத்து, குடிபோதை மறுவாழ்வு மையம் வைக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. குடியிருப்புப் பகுதியில் அதற்கு அனுமதி கொடுக்கலாமா என்று விசாரிக்க, மறுநாள் நகராட்சி அதிகாரி நேரில் வருகிறார்.

"குடிகாரனுங்களக் கூட்டியாந்து நடுத்தெருவுல வுடுவாங்களாம். பாண்டில போய் நடத்தச் சொல்லு. அங்கதான் கிராக்கி ஜாஸ்தி!" என்றார்.

அருண்குமார் சிரித்தான். எழிலன் சிரிக்கவில்லை.

சாமி என்று அவர்கள் சொன்னது எழிலனின் பக்கத்து வீட்டுக் கொளஞ்சியை. டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கார்த்திகை பிறந்தால் ஐயப்பனுக்கு மாலை. தையில் கழற்றினால் பங்குனி உத்திரத்துக்கு முருகன் மாலை. ஆடியில் தீமிதிக்குக் காப்பு. புரட்டாசி முழுக்க விரதம். இடைப்பட்ட நாட்களில்கூட மனுஷர் சும்மா இருப்பதில்லை. கடையை மச்சினனிடம் விட்டுவிட்டு, வடலூர் தருமசாலையில் போய்க் காய் நறுக்கிக் கொடுக்கிறார் என்று அவர் மனைவி அமராவதி சொல்வாள். அவர் ஊரில் இல்லாதபோதும் அந்த வீட்டுப் பக்திப் பாட்டு தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"அப்பேர்ப்பட்ட மனுஷன் குடியிருக்கற தெருய்யா இது," என்பது எழிலன் வழக்கமாகச் சொல்வது.

சாயங்காலமே இரண்டு பேரும் போய்க் கூப்பிட்டார்கள். கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக வாசலுக்கு வந்தார் கொளஞ்சி. வயதில் மூத்தவரான எழிலன் குனிந்து அவர் காலைத் தொட்டார்.

"சாமி, நாளைக்கு நீங்கதான் பேசணும். குடிகாரன் நடமாடற தெருவுல மாலை போட்டவன் எப்படிக் குடியிருக்கறதுன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. போதும்."

கொளஞ்சி மாலை மணியை விரலில் உருட்டிக்கொண்டே நின்றார்.

"நான் என்னத்த சாமி பேசறது?"

"நீங்க வந்து நின்னாலே போதும் சாமி."

உள்ளேயிருந்து அமராவதி எட்டிப் பார்த்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் சமுதாயக் கூடத்தில் நிற்க இடமில்லை. மையத்தை நடத்தப் போகும் நித்யா மேரி கடலூரிலிருந்து வந்திருந்தார்.

"வர்றவங்க எல்லாரும் விட்டுடணும்னு நெனச்சு வர்றவங்க சார். வெளிய ரோட்ல நிக்க மாட்டாங்க," என்று அதிகாரியிடம் சொன்னார்.

"ஆமா, உள்ளயே பூஜை பண்ணிட்டிருப்பாங்க!" என்றது பின்வரிசை.

"பொம்பளப் புள்ளைங்க போற வர்ற எடம்யா!"

எழிலன் எழுந்தார். "அது கெடக்கட்டும் சார். குடிக்கக் கெடைக்கலேன்னா அவுங்க கத்துவாங்க, கதவ ஒடைப்பாங்க. பக்கத்துல இருக்கறவன் எப்படி சார் தூங்குவான்? எங்க சாமி வந்து பேசட்டும், அப்புறம் முடிவு பண்ணுங்க."

அமராவதி மட்டும்தான் உள்ளே வந்தாள்.

"சாமி எங்கம்மா?"

"கேட்டாண்ட நிக்கிறாருண்ணே. உள்ள வர மாட்டேன்னுட்டாரு. மாலை போட்டுக்கிட்டுப் பொய் பேசக் கூடாதாம்."

"யாரு பொய் பேசச் சொன்னது? ஒரு கேள்விதான கேக்கச் சொன்னேன்?"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே நித்யா மேரி முன்னால் போய் நின்றாள்.

"மேடம், தை பொறக்கறதுக்குள்ள தொறந்துடுவீங்களா?"

"என்னம்மா இது, கட்சி மாறிப் பேசுது!" என்றது பின்வரிசை. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"தையில என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார் அதிகாரி.

"மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டுவாரு சார். கழட்டுன கையோட பாட்டிலத் தேடுவாரு. மாலை கழுத்துல இருக்கற வரைக்கும் ஒரு சொட்டு தொட மாட்டாரு. அதுக்கோசரம்தான் ஒண்ணு மாத்தி ஒண்ணு போட்டுக்கிட்டே இருக்காரு. நடுவுல உள் ரூம்ல வச்சிப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிப்பேன். இந்த வாட்டி என்னால ஆவாது சார். அவரேதான் போய்க் கேளுன்னு அனுப்புனாரு."



"அப்ப... வடலூருக்குப் போறாருன்னது?" அருண்குமாரின் குரல் பாதியிலேயே இறங்கியது.

"நான் சொன்னதுதான் தம்பி. மாலை போட்டது அவருதான, நானில்லையே."

எழிலன் வாசல் பக்கம் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம், தலையைக் குனிந்தபடி கறுப்பு வேட்டி தெரிந்தது.

"ஏம்மா, ஒட்டுன செவுத்துல இத்தினி வருஷமா நான் குடியிருக்கேன். ஒரு நாளாவது ஒரு சத்தம் கேட்டதில்லையேம்மா?"

அமராவதி அவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க தூங்கணும்னுதாண்ணே அந்தப் பாட்டு."