கழற்ற வேண்டிய படம்

டுலூத் நகரக் கலைக்கூடத்தில், தன் வீடு சுவரளவுப் படங்களாக வரிசையாகத் தொங்குவதைக் கண்டு கோரின் படமெடுத்தவரிடம் ஓடினாள். அடித்துத் துன்புறுத்திய கணவனுக்குத் தெரியாமல் அவள் குடியேறிய வீடு அது.

"வெண்டல், உடனே கழற்றுங்க! வீட்டு நம்பர் பளிச்சுன்னு தெரியுது. அவன் பார்த்தா நான் செத்தேன்!"

படமெடுத்த எதிர்வீட்டுக்காரர் வெண்டல் பதறினார்.

"மன்னிச்சிருங்கம்மா. பனி பெய்யுற சாயங்காலமெல்லாம் என் ஜன்னல்லேர்ந்து எடுத்தேன். எல்லாத்தையும் கழற்றிடறேன். பாவம், அவரை மட்டும் வீட்டுக்குள்ளயே சிகரெட் பிடிக்க விடுங்க!"

"எவரை?"

"எல்லாப் படத்துலயும் மரத்தடி வண்டிக்குள்ள சிகரெட்டும் கையுமா உங்க வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரே, உங்க வீட்டுக்காரர்!"

கோரின் படத்தை நெருங்கி உற்றுப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் அறிவாள். கழற்ற நீண்ட வெண்டலின் கையை இறுகப் பற்றினாள்.

"கழற்றாதீங்க. போலீஸ் வந்து பார்க்கட்டும்."