ஐந்தாவது கத்தி

வார்டு சமையலறையின் சுவர்ப் பலகையில் சிவப்புப் பெயின்ட்டில் வரைந்த கத்தியின் உருவம் அப்படியே இருந்தது. அதன்மேல் தொங்க வேண்டிய கத்தியைத்தான் காணோம். மற்ற நான்கும் அதனதன் கொக்கியில் இருந்தன.

நர்ஸ் பெரில் இடுப்பிலிருந்த அலாரத்தை இழுத்தார். வார்டின் கதவுகள் வரிசையாகப் பூட்டிக்கொண்டன.

"சுவத்தப் பாத்து நில்லு, லெஸ்டர். ரெண்டு கையும் எனக்குத் தெரியணும்."

"சிஸ்டர், அந்தக் கத்தி..."

"வாயத் தொறந்தா அதையும் சேத்து ரிப்போர்ட்டுல எழுதுவேன்."

லெஸ்டர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். தட்டு துடைத்த துண்டு இன்னும் அவர் தோளில் கிடந்தது.

மனநிலை கெட்டுக் குற்றம் செய்தவர்களைக் கோர்ட் அனுப்பிவைக்கும் பூட்டிய ஆஸ்பத்திரி அது. உள்ளே வரும்போது லெஸ்டருக்கு முடி கறுப்பு. இப்போது முழு வெள்ளை. நோய் அடங்கிவிட்டது. டவுனில் ஒரு சின்ன ஃபிளாட்டும் அவருக்காகக் காத்திருந்தது. தனியாகச் சமைத்து, சுத்தம் செய்து, குடித்தனம் நடத்தத் தெரியும் என்று காட்டிவிட்டால் சாவி கைக்கு வரும்.

அன்றைக்குக் கடைசிப் பரீட்சை. சாசேஜ், உருளைக்கிழங்கு மசியல், மேலே ஊற்ற வெங்காயக் குழம்பு. பயிற்சி கொடுக்கும் ஃப்ரேயா ருசி பார்த்துவிட்டு, மிச்ச வேலையையும் உங்க ஃபிளாட்டில் செய்கிற மாதிரியே முடித்துவிடுங்கள் என்று சொல்லி, அறிக்கை எழுத மாடிக்குப் போனாள். காவலுக்கு பெரில் அம்மாள். உட்கார்ந்திருந்தது என்னவோ சமையலறை வாசலில்தான். கண் முழுக்கப் பத்திரிகையின் குறுக்கெழுத்துப் புதிரில்.

இப்போது அந்தக் கண்ணுக்கு எங்கிருந்துதான் அத்தனை கூர்மை வந்ததோ. அலாரம் கேட்டு ஓடிவந்த ஊழியர்களும் அவருமாக அடுப்பை நகர்த்தினார்கள். குப்பைத் தொட்டியைத் தரையில் கொட்டினார்கள். மாவு டப்பாவுக்குள் கை விட்டார்கள், ஃபிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்தார்கள். ஒருவன் கத்தியை ஒளித்துவைக்கக்கூடிய இடம் ஒன்று பாக்கியில்லை.

அப்புறம் லெஸ்டரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், சட்டை, கால்சட்டை, காலுறை என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயது மனிதர் குளிரில் நின்றார். அப்போதும் ஒருமுறை பேசப் பார்த்தார். நீ சொல்கிற கதையெல்லாம் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது என்றார் வாசலுக்கு வெளியிலிருந்து பெரில்.

டிவியில் கால்பந்து பாதியில் நின்றதால் வார்டே அவர்மேல் பாய்ந்தது. அறைக்குள் அடைபட்ட இன்னொரு நோயாளி ரோனி கதவை உதைத்தான்.

"ஃபிளாட்டுக்காரரு போறாராம். போறவரு ஒழுங்காப் போக வேண்டியதுதான? நம்ம மேட்சுல மண்ணப் போட்டுட்டுப் போறாரு."

லெஸ்டரின் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருந்தது. புது வீட்டுக்கென்று சேர்த்துவைத்த கெட்டில், ஜன்னல் திரை, இரண்டு தட்டு. அத்தனையையும் வெளியே எடுத்துப் போட்டதில் ஒரு தட்டு உடைந்தது. உடைத்தவர் அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மெத்தை உறையை உருவினார்.

பெரிலுக்கும் ஒரு காரணம் இருந்தது. வந்த புதிதில், புத்தி தன் வசமில்லாத நாளில், லெஸ்டர் அவருடைய மணிக்கட்டை முறித்திருந்தார். அந்தக் கை மழைக்காலத்தில் இன்னும் வலிக்கும். இந்த ஆள் வெளியே போகவே கூடாது என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. ஃபிளாட் தருகிறவர்களுக்குத் தானே போன் போட்டு, சாவியை நிறுத்திவையுங்கள் என்று சொன்னபோது குரலில் அப்படி ஒரு நிம்மதி.

ஃப்ரேயா ஓடி வந்தபோது லெஸ்டரை மறுபடி சமையலறைச் சுவருக்கே திருப்பி நிறுத்தியிருந்தார்கள்.

"வாம்மா, உன் செல்லப் பிள்ளையோட லட்சணத்தப் பாரு," என்றார் பெரில்.

ஃப்ரேயா அவரைக் கடந்து உள்ளே வந்தாள். லெஸ்டரின் பக்கத்தில் போய் நின்றாள்.

"லெஸ்டர், கத்தி எங்க?"

இத்தனை நேரத்தில் அதை அவரிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான்.

"கழுவித் தொடச்சு, கரண்டிங்களோட டிராயர்ல போட்டேன், ஃப்ரேயா."

அவள் டிராயரை இழுத்தாள். கரண்டிகளுக்கும் முள்கரண்டிகளுக்கும் நடுவில், ஒரு சொட்டு ஈரமில்லாமல், பளபளவென்று கிடந்தது கத்தி. அந்த டிராயரை யாரும் திறக்கவே இல்லை. கத்தியை ஒளிக்க அது ஓர் இடமா?

பெரிலின் முகம் சிவந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

"இத்தன வருஷம் இங்க இருந்தவனுக்குக் கத்திய எங்க வைக்கணும்னு கூடத் தெரியல. இவனப் போயி ஒரு வீட்டுல தனியா விடப் போறீங்களாக்கும்."

லெஸ்டர் மெதுவாகச் சுவரிலிருந்து திரும்பினார். முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. ஒரு வீட்டில் இருந்தே அவருக்கு ரொம்பக் காலமாகிவிட்டது; தப்பான இடத்தில் வைத்துவிட்டோமோ என்று உண்மையிலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"உங்க வீட்டுல எங்க வைப்பீங்க, சிஸ்டர்?"