கடைசிப் பக்கத்து வசவு

கணக்கு டீச்சர் வாயில் எந்தக் கதையின் முடிவும் தங்காது. அன்றைக்கும் தியேட்டரில் உட்கார்ந்ததுமே, பக்கத்தில் இருந்த தையல்காரத் தோழியிடம் சொல்லிவிட்டாள். "கடைசில ஆபரேஷன்ல ஹீரோயின் செத்துடுவாடி. இந்தப் படத்தோட நாவலைப் பத்துத் தடவ படிச்சிருக்கேன்."

தையல்காரிக்குச் சுருக்கென்றது. டீச்சருக்கும் ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு மாதமாகிறது. ஒப்புதல் படிவம் கையெழுத்தில்லாமல் டீச்சரின் கைப்பையிலேயே கிடந்தது. கொஞ்சம் மனசு மாறட்டும் என்றுதான் அவளைக் காதல் படத்துக்கு இழுத்து வந்திருந்தாள். வந்த இடத்தில் இப்படி.

ஆனால் படத்தில் நாயகி சாகவில்லை. கண் விழித்து, காதலனைப் பார்த்துத் தண்ணீர் கேட்டாள்.

"சினிமாக்காரனுக்குக் கொல்ல மனசு வரல. வீட்டுக்கு வா, புத்தகத்தைக் காட்டுறேன்," என்றாள் டீச்சர்.

வீட்டில் நாவலை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். இருபது வருஷத்துக்கு முன்பு ஓரத்தில் எழுத்தாளரைத் திட்டி அவள் பென்சிலால் எழுதிய வசவு அப்படியே இருந்தது: "படுபாவி, கொன்னுட்டியே." கண்ணீர் விழுந்து காகிதம் உப்பிய இடமும் அப்படியே இருந்தது. அதற்குப் பக்கத்தில், அச்செழுத்தில், நாயகி கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தாள். முதல் பக்கத்தில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. தையல்காரியும் விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள்.

பிறகு டீச்சர் கைப்பையைத் திறந்து, படிவத்தை மேஜைமேல் விரித்து நீவினாள்.

"பென்சில்ல போட்டா செல்லாது. உங்கிட்ட பேனா இருக்காடி?"