மூட்டை தூக்கிய கை

"நேத்தும் ஊசி குத்த நரம்பு கிடைக்கலையாமே? இன்னைக்கும் கிடைக்கலன்னா என்ன செய்யப்போற?" என்று கேட்டார் தலைமை நர்ஸ்.

"படிப்பையே விட்டுட்டு வீட்டுக்குப் போயிடுவேன் சிஸ்டர்." நர்சிங் மாணவி கையிலிருந்த ஊசித் தட்டை மேசைமேல் வைத்தாள்.

"தாராளமா போ. போறதுக்கு முன்னாடி மூணாம் கட்டில்ல ரத்தம் எடுத்துட்டுப் போ. ஊசியையே பாக்காத, அவர் முகத்தையும் பாரு."

மூன்றாம் கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்தார் ஒரு மூட்டை தூக்கும் தொழிலாளி. அவள் விரல்கள் நடுங்குவதைக் கண்டதும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டார்.

"பயப்படாம குத்தும்மா. மூட்டை தூக்கித் தூக்கி மரத்துப்போன கை இது. தேள் கொட்டினா தேளுக்குத்தான் வலிக்கும்."

முதல் குத்தில் நரம்பு நழுவிவிட்டது. பதறிப்போய் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"குத்திட்டியா? நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லன்னுல்ல நெனச்சேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் நடுக்கமும் ஓடிப்போனது. இரண்டாவது குத்தில் சிரிஞ்சுக்குள் ரத்தம் சரசரவென்று ஏறியது.

சந்தோஷத்தில் அவருக்கு டீ வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். அதே கையால் டம்ளரைத் தொட்டவர் விருட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"அப்பப்பா, என்னா சூடு!"

அவள் குனிந்து பார்த்தாள். ஊசி பட்ட இரண்டு இடமும் அந்தக் கையில் சிவந்து தடித்திருந்தன.

"அண்ணா... உங்க கை..."

அவர் அசடு வழியச் சிரித்தார்.

"நாளைக்கும் ரத்தம் எடுக்கணுமாம். உன்ன மாதிரி பயந்த பொண்ணு இருந்தா அனுப்பி வைம்மா. மரத்துப்போன கைன்னு நீயே சொல்லிடு."