மூழ்காத பேனா மூடி

நிலோஃபர் டீச்சரின் தண்ணீர் பாட்டிலை எட்டாம் வகுப்பே மொய்த்துக் கிடந்தது. பாட்டிலை அமுக்கினால் உள்ளே மிதக்கும் பேனா மூடி மூழ்கும்; விட்டால் எழும்பும். அதே பாடத்தைக் கரும்பலகையில் நடத்திக் கொட்டாவிகளையே கண்டிருந்த அமலோற்பவம் டீச்சருக்கு வயிறு பற்றியெரிந்தது. கல்வி அதிகாரி வந்த அன்று, ஆளில்லாத நேரம் பார்த்து, பாட்டிலின் திருகு மூடியைத் தளர்த்தி வைத்தாள். தண்ணீர் புடவையில் தெறித்தது.

வகுப்பில், அதிகாரியின் முன்னால், நிலோஃபர் பாட்டிலை அமுக்கினாள். பேனா மூடி அசையவில்லை.

"ஏன் மூழ்கல? சொல்லுங்க பார்ப்போம்."

"பாட்டில் மூடி லூசு டீச்சர்! அழுத்தம் வெளிய போயிருது!" என்று வகுப்பே கத்தியது. அதிகாரி கைதட்டினார்.

வெளியே வந்த நிலோஃபரின் பார்வை, அமலோற்பவத்தின் புடவையில் காயாதிருந்த ஈரத்தில் நின்றது.

"எனக்கு இது தோணவே இல்லக்கா," என்றாள். "நாளைக்கு ஏழாம் வகுப்புக்கும் நீங்களே தளர்த்தி வச்சிருங்க."