அவள் வாயாலேயே

"அம்மாவை முதியோர் இல்லத்துல விட்டுடலாம்ப்பா" என்று மகன் ஒற்றைக்காலில் நின்றான். பெரியவர் மசியவில்லை.

"இந்த வீட்டை விட்டு அவ ஒரு அடி நகரமாட்டா. வேணும்னா அவளையே கேளு."

அதனால்தான் அந்தப் பெண் வந்திருந்தாள். மறதி நோய் வந்தவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து, அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்டு, யார் பக்கமும் சாயாமல் அவர்களுக்காகப் பேசுவது அவள் வேலை.

ஒரு காலத்தில் தண்ணீரைக்கூடத் தானாக எடுத்துக் குடிக்காத பெரியவர், இன்று மனைவிக்குத் தலை வாரி, வாய் துடைத்து, பூப்போல உட்கார வைத்திருந்தார்.

"நீங்க கொஞ்சம் வெளியே இருங்க சார்" என்றாள் வந்தவள்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவர் இருக்கட்டும்மா. தங்கமான மனுஷன்."

பெரியவருக்கு உச்சி குளிர்ந்தது. 'பார்த்தாயா?' என்பதுபோல் மகனைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. இங்கேயே இருக்கீங்களா, இல்லத்துக்குப் போறீங்களா?"

"போயிடறேன். இப்பவே கூட்டிட்டுப் போயிடுங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "என் வீட்டுக்காரர் வர்ற நேரம். கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து அடியும் உதையும்தான். போறியா இருக்கியான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். பெரியவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அண்ணே, நீங்களும் கிளம்பிடுங்க. எனக்கு இவ்வளவு செய்யறீங்கன்னு தெரிஞ்சா அவர் உங்களையும் அடிப்பார்."