இன்ஸ்பெக்டர் பிழைப்பாரா?

கூட வந்த டிரைவரே துப்பாக்கியை எடுத்து இன்ஸ்பெக்டரின் முதுகில் சுட்டான். தொலைக்காட்சி முன்னால் இருந்த மூன்று பேருக்கும் மூச்சே வரவில்லை.

"கூடவே இருந்து குழி பறிச்சுட்டானே, பாவி," என்றாள் அம்மா.

"இன்ஸ்பெக்டர் சாகமாட்டாரும்மா. அவர் இல்லாம கதை எப்படி ஓடும்?" என்று மகள் தைரியம் சொன்னாள்.

அடுத்த காட்சியில் இன்ஸ்பெக்டரைப் புதைத்தே விட்டார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மகள் அழவில்லை. பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த கணவனைத் திரும்பிப் பார்த்தாள். போலீஸ் தொப்பி இல்லை. மற்றபடி, திரையில் புதைத்த அதே முகம்.

"இதை எப்ப எடுத்தாங்க?"

"ஒரு மாசமாச்சு."

"அப்போ இத்தனை நாளா ஷூட்டிங்னு சொல்லிட்டு, சாப்பாடு கட்டிக்கிட்டு தினமும் எங்க போனீங்க?"